இழுக்கும் முன் ஒரு கேள்வி

போன வெள்ளிக்கிழமை பட்டன் டப்பாவுக்குள் கையை விட்டபோது, ஒரு தூண்டில் முள் என் வலது கட்டைவிரலில் ஏறிவிட்டது. தையல்காரன் வீட்டுப் பட்டன் டப்பாவில் தூண்டில் முள்ளுக்கு என்ன வேலை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால், "ஊசி போட்டீங்களாப்பா, சாப்டீங்களாப்பா" என்பதோடு முடிந்துபோகும்.

வீட்டில் நான் மட்டும்தான். உங்கள் அம்மா பெங்களூரில் பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பாள். மாடி வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். முள் குத்தினால் ஒற்றை ஆளாக எடுப்பது கஷ்டம், பிள்ளைகளா. அழுத்த ஒரு கை வேண்டும், இழுக்க ஒரு கை வேண்டும். குத்துப்பட்ட கை எதற்கும் ஆகாது. கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். பைக்கில் போன ஒரு தம்பி, நான் லிப்ட் கேட்கிறேன் என்று நினைத்து நிறுத்தினார். விரலைப் பார்த்ததும், "ஐயோ, ஆட்டோ புடிச்சி போங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த டப்பாவைத் திறந்தாலே மெஷின் எண்ணெயும் துருவும் கலந்த ஒரு வாசனை வரும். அது இப்போது நான் இருக்கிற இந்தத் திண்டிவனத்து வாசனை இல்லை. விழுப்புரத்து வாசனை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று மெஷின் போட்ட கடை. கல்யாணத்துக்கு முன்னால் நான் அங்கேதான் வேலை பார்த்தேன். பக்கத்து மெஷினில் ஜாபர். கோட்டக்குப்பத்துக்காரன். என்னைவிட நன்றாகத் தைப்பான். இதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன், அப்போது ஒப்புக்கொண்டதே இல்லை. காலர் வைப்பதில் மட்டும் நான் கெட்டி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் பழைய மொபெட்டை வாங்கிக்கொண்டு பனமலை ஏரிக்குப் போவோம். மேலே குன்றில் கோயில், கீழே தண்ணீர். நாங்கள் கோயிலுக்குப் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். தூண்டில்தான். கெளுத்தி, கெண்டை, சில நாள் வெறும் தவளை.

ஏரிக்கரையில் முள் குத்தாத ஆளே கிடையாது. முள்ளின் நுனிக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கம் பார்த்தபடி ஒரு சின்னச் செதில் இருக்கும். மாட்டிய மீன் நழுவாமல் இருக்க வைத்தது. மனுஷன் சதை என்றால் அது விட்டுவிடுமா? வந்த வழியே இழுத்தால் கிழித்துக்கொண்டுதான் வரும். அதனால் முள்ளின் வளைவில் தூண்டில் நரம்பை இரட்டையாக மாட்டிக்கொள்வார்கள். முள்ளின் காம்பைத் தோலோடு படுக்கவைத்து அழுத்துவார்கள். அப்போது உள்ளே கவ்விய செதில் பிடியை விடும். அந்த நேரம் பார்த்து நரம்பை வெடுக்கென்று இழுப்பார்கள். ரொம்ப ஆழமாகப் போயிருந்தால் எங்களுக்குத் தொடத் தைரியம் வராது. கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் யாருமே தொடமாட்டார்கள், நேராக ஆஸ்பத்திரிதான். எப்படி எடுத்தாலும் பிறகு ஊசி உண்டு.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. இழுக்கிறவர் இழுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார். பதிலை யோசிக்கிறவன் சதையை இறுக்கமாட்டான். அவன் வாயைத் திறந்ததும் இழுத்துவிடுவார். முள் வெளியே வந்த பிறகு அந்தக் கேள்வியை யாரும் திரும்பக் கேட்பதில்லை. கேட்டால் கரையே சிரிக்கும். முள்ளோடு கேள்வியும் முடிந்தது, அவ்வளவுதான்.

ஒருமுறை ஜாபர் வீசிய முள் என் கெண்டைக்காலில் மாட்டிக்கொண்டது. நரம்பைச் சுற்றிக்கொண்டே, "உன் ஆளு பேரு இன்னாடா?" என்றான். "எனக்கு ஏதுடா ஆ..." என்பதற்குள் முள் அவன் கையில். உங்கள் அம்மாவை அப்போது நான் பார்த்திருக்கவில்லை. சத்தியமாகத்தான் சொல்கிறேன்.

பிறகு ஜாபருக்குச் சவுதி போக ஒரு வாய்ப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை மெட்ராசில் டெஸ்ட். ஏஜெண்ட் முன்னால் உட்கார்ந்து ஒரு முழுக்கைச் சட்டை தைத்துக் காட்ட வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறும் ஏரிக்குப் போனோம். அவன் போய்விட்டால் அந்தக் கடையில் எனக்கு யாரும் இல்லை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

தையல்காரன் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துக்கொள்வான். கை தானாகச் செய்கிற வேலை அது. அன்றைக்கு மிச்ச முள் மூன்றையும் அதேபோல என் பாக்கெட் ஓரத்தில் குத்தி வைத்திருந்தேன். பாக்கெட்டுக்குள் மல்லாட்டை, தோலோடு வறுத்த நிலக்கடலை.

"மல்லாட்ட இன்னும் கீதாடா?" என்று கேட்டுக்கொண்டே ஜாபர் கையை விட்டான். வெடுக்கென்று எடுத்தான். வலது ஆள்காட்டி விரலில் முள் தொங்கியது.

"இன்னா மச்சான், உன் சட்ட என்னைப் புடிக்குது?" என்று சிரித்தான். சிரித்த முகம் அப்படியே வெளுத்தது. "செவ்வாக்கெழம டெஸ்ட்டுடா."

இதை உங்களிடம் மறைக்கக் கூடாது. அந்த விரலைப் பார்த்த ஒரு நொடி என் மனசு சந்தோஷப்பட்டது. இனி இவன் போகமாட்டான் என்று. அடுத்த நொடி அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. தெரிந்த வித்தையெல்லாம் மறந்துபோய், முள்ளைப் பிடித்து வந்த வழியே இழுத்தேன். ரத்தம் கொட்டியது. முள் வரவில்லை.

"டேய் பேமானி, நேரா இழுக்கிறியே! தெரிஞ்சிக்கினே பண்றியா?"

அவன் வலியில் திட்டினான். எனக்கு நெஞ்சில் குத்தியது. தூண்டிலிலிருந்து நரம்பை அறுத்து, வளைவில் மாட்டினேன். காம்பை அழுத்தினேன்.

"ஜல்தி. எதுனா கேளு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

எதையாவது கேட்டிருக்கலாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"லீவுல வந்தா மொதல்ல எங்கடா வருவ? உங்க ஊட்டுக்கா, கடைக்கா?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "மொதல்ல..." என்றான். இழுத்துவிட்டேன்.

"யா அல்லா!"

முள் வந்துவிட்டது. விரலை ஏரித் தண்ணீரில் முக்கப் போனான். சேற்றுத் தண்ணீர் வேண்டாம் என்று தடுத்து, குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். மொபெட்டில் அடுத்த ஊர் டாக்டரிடம் போய் ஊசி போட்டோம். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். நான் காத்திருந்தேன், அவனாக அந்தப் பதிலைச் சொல்லிமுடிப்பான் என்று. வழக்கம் வழக்கம்தானே, திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை விரலில் கட்டோடு தைத்துத் தேறிவிட்டான். "ஒரு சொட்டு ரத்தம் துணியில படலடா" என்றான். அடுத்த மாதம் போய்விட்டான். பக்கத்து மெஷினில் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்தான். நான் ஏரிக்குப் போவதை விட்டேன். அந்த மூன்று முள்ளையும் பட்டன் டப்பாவில் போட்டு மூடினேன்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தானாம். அந்த வாரம் என் கல்யாணம், நான் இங்கே திண்டிவனத்தில் இருந்தேன். கடைக்கு வந்து பார்த்துவிட்டு, ஒரு சென்ட் பாட்டிலையும் சட்டைத் துணியையும் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நேராக விமானத்திலிருந்து வந்தானா, வீட்டுக்குப் போய்விட்டு வந்தானா என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வந்தாரு, போய்ட்டாரு. அவ்ளோதான் தெரியும்" என்றார். பிறகு அவன் குடும்பம் வீடு மாறிப் போனதாகக் கேள்வி. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் நடக்கிறது. அந்தச் சட்டைத் துணியை இன்னும் நான் வெட்டவில்லை.

இப்போது என் விரலில் ஏறியது அந்த மூன்றில் ஒன்று. அவனைக் குத்தியதா, மற்ற இரண்டில் ஒன்றா என்று தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு, வலியே தெரியாமல் எடுத்துவிட்டார். நல்ல வைத்தியம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் பழக்கதோஷம் பாருங்கள், அவர் முள்ளைத் தொட்டபோது ஏதாவது கேட்பார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து கட்டுப் போடும்போது நர்ஸம்மா கேட்டார்: "கூட யாரு வந்திருக்காங்க?"

நடுவில் இழுக்க எதுவும் இல்லை. முழுப் பதிலையும் சொல்ல எனக்கு நேரம் இருந்தது.

"யாரும் இல்லம்மா. தனியாத்தான் வந்தேன்" என்றேன்.