படிக்கட்டுக்கு அடியில் பூத்தது

காய்ச்சல் வந்து போனதில் என் மூக்கு வேலையை விட்டுவிட்டது. மேனாம்பேட்டில் எங்கள் அபார்ட்மென்ட்டில் என் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. பால் கெட்டுவிட்டதா, கேஸ் கசிகிறதா என்று பார்ப்பதெல்லாம் அவர் பொறுப்பு. டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபித்தூள் என்று வரிசையாக வைத்து முகர்ந்தேன். எட்டு மாதமாகியும் ஒன்றும் தெரியவில்லை. சமையலில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ரசம் நுரை கட்டும் நேரத்தை அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவேன். இப்போது என் ரசம் எனக்கே புளித்த வெந்நீர். வெளியே சொன்னால் எல்லோரும் பாவம் பார்ப்பார்கள். எனக்கு அது ஆகாது.

இதில் நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுப்பவள் வேறு. அடுத்து நடந்தது அதனால்தான் இரட்டை அவமானம்.

பொங்கலுக்குத் தரைத்தளத்து அக்கா எனக்கு ஒரு முழுச் சேனைக்கிழங்கு கொடுத்தார். எங்கள் அபார்ட்மென்ட் நிற்கும் இடமே ஒரு காலத்தில் அவர்கள் நெல் வயல். மாங்காட்டுப் பக்கம் மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில் இன்னமும் ஏதாவது போடுகிறார்கள். அவ்வளவு பெரிய கிழங்கை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. கை அரிக்குமே என்ற பயமும்தான். சேனை, சேம்பு வகையறா எல்லாவற்றின் உடம்பிலும் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் உண்டு. புளி சேர்த்து நன்றாக வேகவிட்டால்தான் தொண்டை தப்பிக்கும். முளைக்கட்டும் என்று பெரிய தொட்டியில் புதைத்து, படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். ஏப்ரல் முடிந்தும் ஒரு இலைகூட வரவில்லை. அழுகிப் போயிற்று என்று முடிவு கட்டி, பழைய ஸ்கூட்டர் கவரை அதன்மேல் வீசிவிட்டு மறந்தே போனேன்.

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கீழே ஒரே கூட்டம். கட்டடம் முழுக்கப் பிண நாற்றமாம். செக்ரட்டரி கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை, ரொம்ப மரியாதையான மனிதர். எலி செத்துக் கிடக்கிறது என்று அவர் உறுதியாகச் சொன்னார். தண்ணீர் சம்ப்பின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார்கள். லிஃப்ட் குழிக்குள் ஒட்டடைக் குச்சி விட்டுத் துழாவினார்கள். எலி அகப்படவில்லை. பிறகு எல்லோர் கண்ணும் படிக்கட்டை ஒட்டியிருந்த அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போயிற்று. கருவாடு வறுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று செக்ரட்டரி பணிவாகக் கேட்டார்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் கருவாடு வறுத்தே பத்து நாளாவுது. டீச்சரு வந்து மோந்து பாத்து சொல்லட்டும். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

ஜன்னல் பக்கம் போய் மூச்சை இழுத்தேன். கருவாடும் தெரியவில்லை, பிணமும் தெரியவில்லை. சுற்றிலும் அத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஒன்றும் வரவில்லை என்றால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். "லேசா வர்ற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அக்கா உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மாடி ஏறும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மன்னிப்புக் கேட்கலாம் என்று இறங்கினேன். படிக்கட்டுக்கு அடியில் ஈக்கள் மொய்த்தன. ஸ்கூட்டர் கவர் கூடாரம் போட்டதுபோல எழும்பியிருந்தது. தூக்கினேன்.

பூ! மடிப்பு மடிப்பாக விரிந்த ஊதா மடல். நடுவே மூளைபோலச் சுருங்கிய கருஞ்சிவப்புக் குமிழ். அதன் தண்டில் அடியில் பெண்பூக்கள், மேலே ஆண்பூக்கள். வருஷா வருஷம் நான் கரும்பலகையில் வரைகிற படம். என் வீட்டு மணி பிளான்ட், கல்யாண மேடை ஆந்தூரியம், குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். சேனை முதலில் பூக்கும், பூ போன பிறகுதான் இலை விடும் என்று நான்தான் வகுப்பில் சொல்கிறேன். நானே இலைக்காகக் காத்திருந்திருக்கிறேன். செத்த மாமிசம் என்று ஏமாந்து வண்டும் ஈயும் வரட்டும் என்பதற்குத்தான் அந்த நாற்றம். வண்டோடு செக்ரட்டரியும் ஏமாந்திருக்கிறார்.

குமிழைத் தொட்டேன். காய்ச்சல்காரரின் நெற்றிபோல வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து முகத்தை உள்ளே கொடுத்து ஆழமாக இழுத்தேன். மூக்கின் அடியாழத்தில் ஏதோ ஒன்று புரண்டது. இன்னொரு முறை இழுத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது. எட்டு மாதத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வாய்த்ததில்லை.

உடனே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: தொட்டி என்னுடையது, என் மூக்கு பழுது, நேற்று சொன்னது பொய். செக்ரட்டரி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூக்கைப் பிடித்தபடியே பூவோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இத்த நேத்தே சொல்லிருக்கலாமில்ல டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாளில் பூ துவண்டது, நாற்றமும் போயிற்று. கிராம்பும் காபித்தூளும் பழையபடி கைவிரித்தன. எல்லாம் பிரமையாக இருக்கும் என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம், இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன். உப்பும் காரமுமாக ஏதோ ஒன்று மூக்கைத் தொட்டது. போட்டது போட்டபடி செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினேன்.

அக்கா கரண்டியும் கையுமாகக் கதவைத் திறந்தார். "சன்னல சாத்திகினுதான் வறுக்கிறேன் டீச்சர். அப்பவும் மேல வருதா?"

"வருதுக்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "தயவுசெஞ்சு ஜன்னலைத் திறந்து வைங்க."

அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் ஜன்னலின் இரண்டு கதவையும் தள்ளித் திறந்தார்.