ஒழுங்கை முழுவதற்கும் ஒரே கடவுச்சொல்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டி கட்டிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போகவேண்டும். சித்தாண்டியிலிருந்து களுவாஞ்சிக்குடிக்கு நான் போனபோது என் பெட்டிக்குள் வேட்டியைவிட வயர்தான் அதிகம் இருந்தது. மாமி அதைப் பார்த்தார். நெல்மூட்டை அடுக்கும் அறையைக் காட்டி, "உங்கட சாமானெல்லாம் அதுக்குள்ள வைங்க மருமகன்" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் அலுவலகம்.

நான் எந்தக் கம்பனிக்கும் ஆள் இல்லை. விடுதிக்காரர்களுக்கும் வெளிநாட்டிலிருக்கும் சிலருக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பவன். இடையிடையே சின்னச் சின்னக் கருவிகள் எழுதுவேன்: படத்தைச் சுருக்க ஒன்று, பெரிய காணொளியை ஒரு இணைப்பாக மாற்றி அனுப்ப இன்னொன்று. கலியாணப் படப்பிடிப்புக்காரர்களுக்கு அவை பிடித்துப்போனதும் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. எல்லோரும் தங்கள் படங்களைக் கண்காணாத தேசத்துக் கம்பனிகளிடம் கொடுத்து வைக்கிறார்களே, ஏன் என்னிடம் தரக்கூடாது? இப்படித்தான் இணையத்தில் படம் வைத்தெடுக்கும் என் முகில் சேமிப்பகம் தொடங்கியது. ஒரு பிரதி வெளிநாட்டில் நான் வாடகைக்கு எடுத்த இடத்தில் இருந்தது. மற்றப் பிரதி கீரிச் சம்பா மூட்டைகளுக்குப் பக்கத்தில், எலிகளின் மேற்பார்வையில் இருந்தது.

இரண்டு விசயத்தைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தேன். ஒருவர் வைத்ததை இன்னொருவர் பார்க்க முடியாது. வைத்தது எதுவும் காணாமல் போகாது. எதையாவது அழிக்கப் போனால் 'நிச்சயமாகவா?' என்று கேட்கும். 'ஓம்' என்று அமத்தினாலும் உடனே அழியாது, குப்பைக்கூடைக்குப் போய்க் கிடக்கும். அதையும் கொட்டினால்தான் போச்சு. இதையெல்லாம் எழுதி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் வாடிக்கையாளர் மாமிதான். கடவுச்சொல்லாக எதை வைப்பது என்று கேட்டேன். தன் பசுவின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு பின்னேரமும் அந்தப் பெயரை உரத்துக் கூப்பிட்டபடி வீட்டு முன்னால் போகும் ஒடுங்கிய ஒழுங்கை நீளத்துக்கும் போய்த்தான் அவர் மாட்டைக் கொண்டுவருவார். பாதுகாப்பைப் பற்றி இதற்குமேல் நான் என்ன சொல்ல?

சொல்லாவிட்டாலும் காரியம் நடந்தது. ஒரு மாதத்துக்குள் ஒழுங்கையே மாமியின் கணக்குக்குள் குடிவந்துவிட்டது. பிறந்தநாள் கேக், வயிற்று ஸ்கான், காணி உறுதிப் பத்திரம், கோயில் சடங்கு, வெள்ளம் வந்தபோது கட்டிலில் ஏறி நின்ற ஆடு எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடந்தன. எனக்குக் கோபம் வந்தது.

"மாமி, கடவுச்சொல்ல ஆருக்கும் சொல்லக்கூடா."

"பக்கத்து வீட்டுப் புள்ள வந்து கேட்டா இல்லையெண்டு சொல்லுறதா? பூட்டி வைக்க நான் என்ன களவுச் சாமானா வைச்சிருக்கன்?"

ஆளுக்கொரு கணக்கு இலவசமாகத் தருகிறேன் என்று வீடுவீடாகப் போனேன். தேத்தண்ணி தந்தார்கள். கணக்கு வேண்டாம் என்றார்கள். அங்கே ஒருவரும் இல்லை, தனியாக இருக்குமாம்.

இந்த நிலையில்தான் மச்சாளின் கலியாணப் பேச்சு வந்தது. மச்சாள் என் மனைவியின் தங்கை. மாமி அவளுக்காகப் பக்கத்து வளவில் ஒரு வீட்டை முக்கால்வாசி கட்டி வைத்திருந்தார். கொழும்பில் வங்கி வேலையிலிருக்கும் ஒருவரின் படமும் சாதகமும் மாமியின் கணக்குக்கு வந்து சேர்ந்தன. மாமி அவற்றைத் தனிக் கோப்புறையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். மாப்பிள்ளை இங்கே வந்து இருக்கமாட்டார், பெண்ணைக் கொழும்புக்குக் கூட்டிப்போவார் என்று தரகர் சொன்னபோது மட்டும் மாமியின் முகம் வாடியது. ஆனாலும் நல்ல இடம், விடக்கூடாது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

மறுநாள் மச்சாள் நெல்லறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்தான், அந்த வங்கிக்காரன்ட உறைய அழிச்சுவிடுங்க."

"ஏன்?"

ஒழுங்கைக் கடைசி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பள்ளிக்கூடக் கணக்கு மாஸ்டரைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். வாகரைக்காரன். அவனுக்கும் இவளைப் பிடித்திருக்கிறதாம். தாயிடம் சொல்லப் பயம். சொல்லும்போது அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் வாடிக்கையாளரின் கோப்பில் கைவைப்பதா?

"அது மட்டும் ஏலாது. என்ட தொழிலே அதுதான்" என்றேன்.

"பெரிய தொழில்" என்றுவிட்டுப் போனாள். போன வேகத்தில் ஒரு நெல்மூட்டை சரிந்தது.

அப்போது நான் படப்பிடிப்புக்காரர்களுக்காக ஒரு புதிய கருவி எழுதிக்கொண்டிருந்தேன். குவிந்து கிடக்கும் படங்களிலிருந்து ஒரே முகத்தை ஒன்றாகச் சேர்த்துத் தரும். அதிகம் தெரியும் முகம் மேலே வரும். சோதித்துப் பார்க்க நிறையப் படம் வேண்டும். மாமியின் கணக்கைவிட நிறைந்த கணக்கு என்னிடம் ஏது? முறைப்படி அனுமதி கேட்டேன்.

"என்னத்தையெண்டாலும் செய்யுங்க. படம் காணாமப் போகக்கூடா" என்றார்.

வேறு எந்த நோக்கமும் எனக்கு இருக்கவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

பின்னேரம் முடிவைப் பெரிய திரையில் போட்டேன். மாமி முதலாவதாக வந்தார், மகிழ்ச்சி. அடுத்தது என் மனைவி. பிறகு மச்சாள். நாலாவதாகக் கணக்கு மாஸ்டர் நின்றான்.

மாமி கண்ணாடியைச் சரிசெய்தார். "இது கடைசி வீட்டு மாஸ்டர்தானே? உங்களக் காணயில்லையே மருமகன்?"

கீழே, கீழே, அந்த ஆட்டுக்கும் கீழே உருட்டித் தேடியபின் நான் வந்தேன். என் கலியாணப் படங்கள் மட்டும்தான்.

"கலியாணத்துக்கு மறுகா ஒரு இடத்துக்கும் நீங்க வரயில்லையா?" என்று மாமி கேட்க, என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மச்சாள் சமையல் குசினிக்குள் போய்விட்டாள். மாமி அதையும் கவனித்தார்.

பிறகு அவர் மாஸ்டரின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றிலாவது அவன் படத்துக்கென்று நிற்கவில்லை. வெள்ளத்தில் யாருடையதோ தொலைக்காட்சியைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறான். சடங்கில் தண்ணீர்க்குடம் தூக்குகிறான். பக்கத்து வீட்டுப் பெண் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் சோற்று வாளியோடு ஓடுகிறான். கடைசியில், என் கலியாணத்துக்கு முன்பே காலமான மாமாவின் செத்தவீட்டுப் படங்கள் வந்தன. அயலவர் யாரோ போட்டவை, மாமி ஒருநாளும் திறக்காதவை. கொட்டும் மழையில் பந்தலின் ஒரு கால் சரிய, அதைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒருவன் நனைந்தபடி நிற்கிறான். கூரைக்குக் கீழே மாமி அழுதுகொண்டிருக்கிறார்.

மாமி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் பார்த்தால் மாஸ்டர் மாமியையே முந்தி முதலிடத்துக்கு வந்திருந்தான். திரையில் வந்த கதை ஒழுங்கை முழுக்கப் பரவி, எந்த வீட்டுத் தொலைபேசியில் அவன் இருந்தானோ அந்தப் படங்களெல்லாம் கணக்குக்குள் வந்து விழுந்திருந்தன. கேட்டால், எல்லாம் தற்செயலாம். மாமியைத் தவிர எல்லோருக்கும் விசயம் முன்பே தெரிந்திருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. தனித்தனிக் கணக்கு எடுத்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா? அதற்குப் பிறகு நான் யாரிடமும் தனிக்கணக்கைப் பற்றிப் பேசவில்லை.

மத்தியானம் மாமி என்னைக் கூப்பிட்டார். வங்கிக்காரரின் உறை திறந்திருந்தது.

"ஒவ்வொரு படமா எடுக்கத் தெரியும். இத உறையோட எப்படி எடுக்கிற?"

சொல்லிக் கொடுத்தேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. வழக்கமாக அந்தக் கேள்விக்கு, "இது ஆரு என்னைக் கேட்க?" என்று திரையை ஏசுவார். அன்று ஏசவில்லை. 'ஓம்' என்று அமத்தினார்.

"போயிற்றா?"

"குப்பைக்கூடைக்குள்ள கிடக்கு மாமி. வேணுமெண்டா திருப்பி எடுக்கலாம்."

"வேணாம். கொட்டுங்க."

என் சேமிப்பகத்தில் இவ்வளவு சந்தோசமாக நான் எதையும் தொலைத்ததில்லை. மாமி குசினிப் பக்கம் திரும்பினார்.

"புள்ள, நாளைக்கு மத்தியானம் அந்த மாஸ்டர வரச்சொல்லு. வேலைக்கு இல்ல. இருந்து சாப்பிட."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் அந்த அறைய விட்டு வெளிய வாங்க மருமகன். ஆராவது ஒரு படம் எடுப்பாங்க."