சோபாவைக் கொடுத்து வாங்கிய பின்பால்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் போன் இவருக்குத்தான் வரும். சாப்பிட்ட கையோடு எடுத்து, "கதவு சரியா மூடியிருக்கா பாருங்க" என்பார். பாதி ரிப்பேர் அதிலேயே முடிந்துவிடும். அவ்வளவு கெட்டிக்கார மனுஷர், போன வியாழக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, எங்கள் சோபாவை எதிர்த்தெரு கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் தூக்கிப்போட இருந்த பின்பால் மேசையை வீட்டுக்குள் இறக்கிவிட்டார்.

கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குண்டு உருண்டு வரும். கீழே விழுந்துவிடாமல் இரண்டு தட்டிகளால் அதைத் தட்டித் தட்டி மேலே ஏற்ற வேண்டும். அந்தக் காலத்து விளையாட்டு. நாலு ஆள் கனம் இருந்தது, உயிர்தான் இல்லை. ஞாயிறு சாயங்காலம் என் தங்கை குடும்பத்தோடு வருகிறாள், அதற்குள் இது ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரருக்குத்தான் என்று கத்தினேன். கத்தியதோடு விடவில்லை, ஞாயிறு ஆறு மணிக்கு வண்டியோடு வரும்படி அவரிடம் சொல்லியும் வைத்தேன்.

இவர் அசரவில்லை. முன்பக்கம் காசு போடும் சின்னக் கதவைத் திறந்தார். அதற்குள் இருக்கும் பிடியை இழுத்தால்தான் மேல் கண்ணாடி கழலுமாம். திறந்த கதவு தோதாக இருக்கவே துண்டையும் அதிலேயே மாட்டிக்கொண்டார். உள்ளே ஃபியூஸ் கருகிக் கிடந்தது. புதிதாக ஒன்று போட்டு, பச்சை பிடித்த கிளிப்பை உப்புத்தாளால் தேய்த்து, சுவிட்சைப் போட்டார். அடேயப்பா, பலகை முழுக்க விளக்கு! என் இரண்டு கையையும் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கோபமாக இருக்கிறேன் என்பதையே மறந்து நானும் சுற்றினேன்.

ஆனால் தட்டி அசையவில்லை. அதை இழுக்கும் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை. மீட்டரை எடுத்து டிரான்ஸ்பார்மரில் வைத்தார், சரியாக இருந்தது. காயிலில் வைத்தார், முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. வெள்ளி போனது, சனியும் போனது. நடுவில் ஒரு போன். ஐந்தாவது மாடியில் லிஃப்ட் நகரவில்லையாம். மேசைக்கு அடியில் படுத்தபடியே, "கதவு சரியா மூடியிருக்கா பாருங்க" என்றார். ஓடிவிட்டதென்று நன்றி சொல்லி வைத்தார்கள்.

ஞாயிறு நாலு மணிக்கு மீட்டரைக் கீழே வைத்தார். "குடுத்துடலாம்மா" என்றார். அவர் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அந்த நேரம் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கதவில் முழங்கால் இடித்தது. துண்டைப் பிடுங்கி வீசிவிட்டு, படாரென்று அதை அறைந்து சாத்தினேன்.

மேசை டமாரென்று ஓர் உலுக்கு உலுக்கியது. மணி அடித்தது. குண்டு தானாகவே துள்ளி வந்து நின்றது. இவர் பொத்தானைத் தொட்டார், தட்டி எகிறியது. கதவைத் திறந்தார், செத்தது. மூடினார், பிழைத்தது. உள்ளே கை விடுகிறவனுக்கு ஷாக் அடிக்கக்கூடாதென்று கதவோரம் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறான் எந்தப் புண்ணியவானோ. லிஃப்ட் கதவில் இருக்கிற அதே சமாசாரம்!

ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்புறம் சிரித்தோம் பாருங்கள், தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்க வலிக்க. சோபா இருந்தால்தானே வேறெங்காவது உட்கார. யாரிடமும் மூச்சு விடாதே என்று கெஞ்சினார்.

ஆறு மணிக்கு இரும்புக்காரர் வந்தபோது தங்கை விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் கயிற்றை வாசலில் போட்டுவிட்டுத் தானும் வரிசையில் நின்றுகொண்டார். அப்படி என்னதான் கோளாறு என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்.

"பெரிய கோளாறுங்க. இவரா இருக்கக்கொண்டு மூணே நாள்ல கண்டுபிடிச்சார்" என்றேன்.

இவருக்கு வாயெல்லாம் பல். அப்போது போன் அடித்தது. எடுத்துக் கேட்டார்; யார் வீட்டிலோ லிஃப்ட் நின்றுவிட்டதாம். வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், போனை என்னிடம் நீட்டிவிட்டார்.