வெயிலில் ஏறிப் பறந்த எங்கள் அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், அண்ணனை எங்காவது போய்க்கொண்டிருக்கும்போதுதான் பார்த்திருப்பீர்கள். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவர் மறைந்து ஓராண்டாகியும், தங்கையாகிய எனக்கு இதை ஒரே மூச்சில் எழுத முடியவில்லை. இடையிடையே எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வருகிறேன்.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். அண்ணன் பிறந்தபோது அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பிறர் நிலத்தில் கூலிவேலை செய்தார்கள். திருச்சுழியில் அரசு அலுவலகம் ஒன்றில் பியூன் வேலை கிடைத்தது பின்னர்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போனவர் அண்ணன். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் வாடகை சைக்கிள் எடுத்துவந்து, பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதிப்பார். "மெதுவாப் போப்பா" என்று நோயாளிதான் கெஞ்ச வேண்டியிருக்கும்.

நிலாவில் மனிதன் இறங்கிய செய்தி பஞ்சாயத்து ரேடியோவில் வந்தபோது அண்ணன் மதுரையில் கல்லூரி மாணவர். அடுத்த விடுமுறைக்கு வந்தவர், மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்துவிட்டதாகவும் கிளைடர் ஓட்டப் பழகப் போவதாகவும் சொன்னார். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. நீண்ட கம்பிவடத்தைக் கட்டி, தரையிலிருக்கும் இயந்திரத்தால் இழுத்து மேலே ஏற்றுவார்கள். உயரம் வந்ததும் வடத்தைக் கழற்றிவிட்டு, காற்றில் மிதந்தே இறங்கவேண்டும்.

"எஞ்சினே இல்லாம எப்பிடிலே நிக்கும்?" என்றார்கள் அம்மா.

அண்ணன் கண்மாய்க்கு மேலே கை காட்டினார். பருந்து ஒன்று சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்துகொண்டிருந்தது.

"அதை யாரு தூக்குறா? இந்த வெக்கைதான். தரை காஞ்சா காத்து சூடாகி மேல போகும். நம்மூரு வெயிலுக்கு எத்தனை கிளைடர் வேணும்னாலும் நிக்கும்மா."

"இந்த ஊரு வெயிலத் திட்டாத ஒரே ஆளு நீதான்" என்று அம்மா எழுந்து போய்விட்டார்கள். அய்யா சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆசிரியரோடு பலமுறை பறந்து, தனியாக ஓட்டவும் அனுமதி பெற்றிருந்தார் அண்ணன். மாசி மாதத்தில் ஒரு காலை, கிளைடர் ஏறிக்கொண்டிருக்கும்போதே வடம் அறுந்துவிட்டது.

தந்தி அய்யாவின் அலுவலகத்துக்கு வந்தது. வீட்டுக்கு வந்த அய்யா, "நம்ம பயலுக்கு அடிபட்டிருக்காம், கெளம்பு" என்று மட்டும் சொன்னார்கள். அருப்புக்கோட்டை பஸ்ஸில் அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

"எங்க அடி? கையா, காலா?"

"கால்ல."

"ஒத்தக் காலா, ரெண்டுமா?"

"ஒத்தக் கால்தான்."

"கால்தான, கூடிரும். ஆனா அவன் ஒரு எடத்துல இருக்க மாட்டானே. கால் கூடுற வரைக்கும் எப்பிடிப் பிடிச்சு வைக்கிறது?"

அய்யா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள் குலுங்கியதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா மதுரை வரும் வரை அண்ணனைக் கட்டிலில் படுக்கவைக்க வழி யோசித்துக்கொண்டே வந்தார்கள்.

அதன்பின் அம்மா பல மாதங்கள் அய்யாவோடு பேசவில்லை. பஸ்ஸில் சொன்ன பொய்க்காகவா, கையெழுத்துக்காகவா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. உலையில் அரிசி கொதிக்கும்போதே ரோட்டுக்குப் போய், வரும் பஸ்ஸைப் பார்த்து நிற்பார்கள்.

அண்ணனோடு பயின்ற நண்பர் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். "பயந்தானாப்பா?" என்று கேட்டார்கள் அம்மா.

"வடம் அறுந்தா மூக்கைக் கீழ எறக்கணும்மா. எறக்கினான். செய்ய வேண்டியதைச் செஞ்சான். உயரம் பத்தல."

இன்னொருவரோ, அண்ணன் அவசரப்பட்டுக் கிளைடரைத் திருப்பிவிட்டார் என்றார். எது உண்மை என்று இன்றும் எங்களுக்குத் தெரியாது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் அம்மா அய்யாவின் முன்னால் போய் நின்றார்கள். "அந்த எடத்தப் பாக்கணும். கூட்டிட்டுப் போங்க." அத்தனை மாதங்களுக்குப் பிறகு அய்யாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

பயிற்சித் திடலுக்கு நாங்கள் போனபோது ஒரு மாணவர் தனியாகப் பறக்கத் தயாராக இருந்தார். எங்களைப் பார்த்த அதிகாரி நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். "வேணாம். பறக்கட்டும்" என்றார்கள் அம்மா.

கிளைடர் ஏறியது. அம்மா ஒரு கையால் என்னையும் மறு கையால் அய்யாவையும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். வடம் கழன்று விழுந்தது. கிளைடர் வட்டமடித்துத் தாழ்ந்து, புழுதி கிளப்பி நிற்கும்வரை அம்மா கண் இமைக்கவில்லை. பிறகு எங்களை விட்டுவிட்டு ஓடினார்கள். இடுப்புப் பட்டையைக் கூட அவிழ்க்காமல் இருந்த அந்த மாணவரின் முகத்தை இரு கைகளாலும் பிடித்துச் சொன்னார்கள்:

"ஒங்கம்மாட்டப் போய்ச் சொல்லுய்யா, எறங்கிட்டேன்னு."

அம்மாவுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று எழுதினால் பொய். இன்று காலையும் ரோட்டுக்குப் போய் வந்தார்கள். திரும்பியதும் அய்யாவுக்குக் காப்பி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அண்ணனைத் தோளில் சுமந்த பயிற்சித் தோழர்களுக்கும், லாரியில் இருந்த லோடை இறக்கிவிட்டு அவரை ஊருக்குக் கொண்டுவந்த வீரசோழன் ஊர் வியாபாரிக்கும், அன்று அடுப்பு மூட்டாத எங்கள் ஊராருக்கும் குடும்பத்தார் கைகூப்புகிறோம். திடலில் இறங்கிய அந்த மாணவரின் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம். பத்திரமாக இறங்கியதற்காக அவருக்கும் எங்கள் நன்றி.