சங்கரன்கோவிலில் டைபாய்டும் ஒரு மதினியும்

சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, வேறு நாட்டுக்குப் போய் டைபாய்டு வாங்கி வர ஒரு தனித் திறமை வேண்டும். எனக்கு அது இருக்கிறது. ஈப்போவில் ஆசிரியையாக இருக்கும் நான், போன ஜூலையில் தொடங்கி ஐந்து வாரம் சங்கரன்கோவில் அருகே ஒரு கிராமப் பள்ளியில் தன்னார்வலராக இருந்தேன். நான் எடுத்த பாடம் என்ன தெரியுமா? சுகாதாரம். கை கழுவுவது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது.

வழி கேட்பவர்களுக்காக: கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். திருச்சியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கிருந்து ராஜபாளையம் வழியாக சங்கரன்கோவிலுக்கு மூன்றரை மணி நேரம், 120 ரூபாய் கொடுத்தேன். பள்ளி இருந்த ஊர் சங்கரன்கோவிலிலிருந்து ராயகிரிப் பக்கம் ஒன்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முதல் நாள் நான் காசை நீட்டியபோது, "காசு வேண்டாம், டிக்கெட்ட மட்டும் புடிங்கக்கா" என்று சிரித்தார் கண்டக்டர்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. எதனால் என்று தெரியாது. ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை நான் ஒரு கிளாஸோடு நிறுத்தியதில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். தங்க இடம் கொடுத்த தலைமையாசிரியை சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவரிடம் போனில் "லேசான சளி" என்றேன். உதவி செய்ய வந்தவள் உபத்திரவமாகக் கூடாது என்ற வீம்பு. நான்காம் நாள் காலை எழுந்து நிற்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து, 250 ரூபாய் கொடுத்து, சங்கரன்கோவிலில் ஒரு சிறிய மருத்துவமனைக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்தேன்.

டைபாய்டு போலிருக்கிறது, உள்நோயாளியாகச் சேர வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் சேர்க்கைத் தாளை எடுத்துக்கொண்டு, "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை சிஸ்டர்."

"ஆளு இல்லாம எப்படிம்மா? மருந்து வாங்கணும், லேபுக்குப் போணும், பாட்டில் தீர்ந்தா கூப்பிடணும்."

எங்கள் ஊர் மருத்துவமனையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. இங்கே நோயாளியோடு ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பெண்ணுக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் திரும்பினார்.

"சிஸ்டர், எம்பேரப் போடுங்க. ஜெயராணி, புளியங்குடி. ரெண்டு கட்டிலையும் நானே பாத்துக்கிடுதேன்."

"உறவு?"

"மதினின்னு எழுதுங்க."

படுத்திருந்தது அவருடைய தங்கை. ஜெயராணி அக்கா புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் காய் தரம் பிரிப்பவர். அடுத்த மூன்று நாள் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தங்கைக்கு இட்லி, எனக்குக் கஞ்சி. தங்கையின் மருந்துச் சீட்டோடு என் சீட்டும். குளுக்கோஸ் பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சமிருக்கும்போதே நர்ஸை அழைக்கப் போய்விடுவார். "ஏன்க்கா எனக்காக இவ்வளவு?" என்று கேட்டேன். "பேரு எழுத எடம் காலியாக் கெடந்துச்சி. எழுதச் சொன்னேன்" என்றார். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மாவிடம் மட்டும் தினமும் போனில் வகுப்பு நன்றாக நடக்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன். அதைக் கேட்டுவிட்டார் அக்கா. அதுவரை 'வாங்க, போங்க' என்றவர், "ஏட்டி, கையில ஊசிய வச்சிக்கிட்டு யாருக்குக் கிளாஸ் எடுத்த? அம்மாட்ட உள்ளதச் சொல்லு" என்றார். அந்த 'ஏட்டி'யில் எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கியது.

நான்காம் நாள் காலை தங்கையை வீட்டுக்கு அனுப்பினார்கள். "கொண்டு விட்டுட்டு வாரேன்" என்று அக்கா கிளம்பினார். எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்தேன். புளியங்குடி இருபது கிலோமீட்டர். வீட்டில் தையல் காயத்தோடு தங்கை. நான் யார் அவருக்கு? மதியம் போனது. மூன்று மணியும் ஆனது. கட்டில் காலியாகவே இருந்தது. தாங்க முடியாமல் அம்மாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன்.

அம்மா டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை. "கூட யாரு இருக்கா?" என்றார்.

"மதினி இருக்காங்கம்மா."

"எந்த மதினி? உனக்கு அண்ணனே கிடையாதே?"

போனைக் காதில் வைத்தபடி காலிக் கட்டிலையே பார்த்தேன். வார்டு வாசலில் ஒரு வயர்கூடை தெரிந்தது. தூக்குவாளியில் கஞ்சி, அரை டஜன் எலுமிச்சம்பழம்.

"அஞ்சு பஸ்ஸ விட்டுட்டேன், அவ்வளவு கூட்டம்" என்றார் அக்கா. "என்ன முழிக்க? தாள்ல எம்பேரு இங்கனதான கெடக்கு." போனை வாங்கிக்கொண்டார். "அம்மா, நான் இருக்கேன். கவலப்படாதீங்க."

தலைமையாசிரியையிடமும் அன்று மாலையே போனில் உண்மையைச் சொன்னேன். மறுநாள் அவர் ரயிலை விட்டிறங்கி நேராக வந்து என்னைத் திட்டித் தீர்த்தார். அதற்கடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி ஆறு நாள் வகுப்பு எடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

தன்னார்வப் பணிக்குப் போகிறவர்களே, கொதித்த தண்ணீர், பயணக் காப்பீடு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் அவசியம். கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா சமயம் என்றால் தங்கும் இடத்தை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. காய்ச்சல் வந்த முதல் நாளே வாயைத் திறந்து சொல்லுங்கள். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நான் பார்த்ததில்தான் எல்லோருக்கும் அதிகத் தொந்தரவு கொடுத்தேன். கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு மட்டும் போகாதீர்கள், வாங்கிக்கொள்ளவும் பழகிக்கொண்டு போங்கள்.

டிஸ்சார்ஜ் தாள் என் மேசையில் இருக்கிறது, 'உடனிருப்பவர்: ஜெயராணி, மதினி' என்ற வரியோடு. இப்போதெல்லாம் அம்மா போன் செய்தால் முதலில் என்னை விசாரிப்பதில்லை. "புளியங்குடி மதினி பேசினாங்களா?" என்றுதான் கேட்கிறார்.