ஒலிபெருக்கியில் அம்மா

எழுபதுகளில் திரேஸ்புரத்தில் ரேடியோப் பெட்டி இருந்த வீடுகள் குறைவு. கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன வாசகசாலை இருந்தது. அங்கே ஒரு ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் வைத்து, தெருத்தெருவாக வயர் இழுத்து, கம்பங்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சாயங்காலம் செய்தியும் பாட்டும் வரும். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஊரின் சொந்த ஒலிபரப்பு. காற்று எப்படி, எந்த வள்ளம் இன்னும் கரை வரவில்லை, கோயிலில் என்ன பூசை, யார் வீட்டு ஆடு காணாமல் போனது, எல்லாவற்றையும் மைக்கில் சொல்வார்கள். மைக்செட் அண்ணாச்சி ஒருவர்தான் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார்.

இதை ஆரம்பித்து வைத்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். ஊருக்கே அவர் சார்தான். மெட்ராசில் படித்துவிட்டு வந்தவர். கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய டேப் ரெக்கார்டர் அவரிடம் இருந்தது, தோளில் மாட்டிக்கொள்கிற மாதிரி. அவருக்குப் பாட்டில் ஆசை இல்லை, சத்தத்தில்தான் ஆசை. துறைமுகத்தில் நிலக்கரி சரிகிற சத்தம், உப்பளத்தில் உப்பு வாருகிற சத்தம், ஏலக்காரரின் தொண்டை, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வருவார். நாடாவை பிளேடால் வெட்டி, ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, ‘ஒலிச்சித்திரம்’ என்று பெயர் வைத்து ஒலிபரப்புவார். ஊர் முதலில் சிரித்தது. பிறகு தன் வள்ளத்துச் சத்தம் வருகிறதா என்று காது கொடுக்க ஆரம்பித்தது. ஒரு தடவை அப்பா வள்ளத்தில் நின்று போட்ட அதட்டல் ஒன்று வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தவர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்.

“ஏளா, கேட்டியா? நாந்தான் அது!”

அப்பா சங்கு குளிப்பவர். கல்லில் காலை வைத்து, கழுத்தில் வலைப்பையோடு, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அந்தக் கயிறு அசையாமல் இருந்திருக்கிறது. இழுத்துப் போட்டபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். வள்ளம் கரைக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. மணலில் கிடந்த அப்பாவின் நெஞ்சில் இரண்டு கைகளாலும் குத்தினாள்.

“மூச்சு விடும்! மூச்சு விடும், சொல்லுதேன்! யம்மா, மூச்சு விடும்!”

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனிடம் ‘வாரும், இரும்’ என்றுதான் பேசுவார்கள். அந்த நேரத்திலும் அம்மாவுக்கு மரியாதை தப்பவில்லை.

சார் அன்றைக்குக் கரையில்தான் இருந்தார். சங்கைக் குவியலாகக் கொட்டுகிற சத்தத்தைப் பிடிக்க வந்திருந்தார். கூட்டத்துக்குள் புகுந்து, மைக்கை நீட்டிக்கொண்டு, அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். நான் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. கை மட்டும் ஆடவே இல்லை.

அடக்கம் முடிந்தது. அம்மா மீன்கூடை தூக்க ஆரம்பித்தாள். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். ஒரு சாயங்காலம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனை ஒலிபெருக்கியில் அலைச் சத்தம் வந்தது. அதன்மேல் கப்பல் சங்கு ஊதியது. பிறகு ஒரு பெண் அலறினாள். அம்மா பதறி எழுந்தாள்.

“ஏளா, யாரு வீட்டுல எழவு? ஓடிப் பாரு!”

அலறல் திரும்ப வந்தது. மூச்சு விடும். அலை. மூச்சு விடும். கப்பல் சங்கு. மூச்சு விடும், மூச்சு விடும், மூச்சு விடும். வர வர வேகமாகி, கடைசியில் வார்த்தையே போய், பெல்ட் அறுந்த இயந்திரம் மாதிரி வெறும் ‘டும் டும் டும்’ என்று ஆயிற்று. அம்மா வாசலில் நின்று கேட்டாள். யார் குரல் என்று அவளுக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். சோறு குழைந்து போயிற்று.

சாருக்கு அந்த ஒலிச்சித்திரம் ரொம்பப் பிடித்துவிட்டது போலும். அடுத்தடுத்த நாட்களிலும் போட்டார். ஊருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. நான் குழாயடிக்குப் போனால் வயசுப் பையன்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். “மூச்சு விடும்!” என்று ஒருவன் ராகம் இழுப்பான். பெண்களும் சும்மா இருக்கவில்லை. மீன் ஏலத்தில் யாராவது விலை கேட்கத் தயங்கினால், “ஏ அண்ணாச்சி, மூச்சு விடும்!” என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா பக்கத்தில் கூடையோடு நிற்பது தெரிந்த பிறகும் சிரிப்பை உடனே நிறுத்த முடியாமல் வாயைப் பொத்துவார்கள்.

ஒரு நாள் மணலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் செத்துக் கிடந்தான். ஒருவன் மேலே ஏறிக் குத்தினான். குத்தியவன் என் சின்னத் தம்பி. அம்மா மாதிரியே தலையை ஆட்டி, அம்மா மாதிரியே கத்தினான். அவனை வீட்டுக்கு இழுத்து வந்து விறகால் அடித்தேன். “எல்லாரும் வெளாடுதாங்க, நானும் வெளாண்டேன்” என்று அழுதான். அது தன் அப்பாவுக்கு நடந்தது என்பதே அவனுக்கு மறந்திருந்தது. அவனுக்கு அது ரேடியோவில் வந்த ஒன்று, அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா வாசகசாலைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சார் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை.

“சார், அது என் குரலு.”

“ஆமாம்மா. நானே உங்களப் பாக்க வரணும்னு இருந்தேன்.”

“அத அழிச்சிருங்க.”

“அழிக்கிறதா?” சாருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. “அம்மா, அது இப்ப உங்க அழுகை இல்ல. இந்தக் கரையில எத்தனை பேர் அழுதிருப்பாங்க! அத்தனை பேருக்கும் சேர்த்து அது அழுவுது. கடலே அழுவுற மாதிரி.”

“அவருக்கு மூணு புள்ள பெத்தது கடலா சார்?”

சார் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, நல்ல பதிலைக் கேட்ட ஆசிரியரின் சிரிப்பு. “இதக் கேளுங்க, இன்னொண்ணு பண்ணியிருக்கேன்” என்று நாடாவை மாற்றி மாட்டினார். அம்மாவின் குரலைப் பின்னாலிருந்து முன்னால் ஓடவிட்டிருந்தார். புரியாத ஏதோ பாஷையில் ஒரு பெண் விக்கி விக்கிப் பேசினாள்.

“சிரிக்கிற மாதிரி இல்ல?” என்றார் சார். “அழுகையத் திருப்பிப் போட்டா சிரிப்பு. எனக்கே புல்லரிச்சிருச்சு.”

மைக்செட் அண்ணாச்சி அந்த இடத்தில் நிற்கமுடியாமல் வெளியே போனார். அம்மா கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு கேட்டாள், “இதுல நான் நேர்ல பேசலாமா சார்?”

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒலிபரப்புக்கு ஆண்டு நிறைவு வருகிறது, வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், அன்றைக்கு நீங்களே மைக்கில் பேசுங்கள் என்றார். “உங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க. நான் ஒண்ணையும் வெட்ட மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம், “என்னம்மா பேசப் போற?” என்றேன்.

“கேக்கத்தான போற” என்றாள்.

அந்தச் சாயங்காலம் வாசகசாலை முன்னால் பந்தலும் சின்ன மேடையும் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குப் பக்கத்தில் சாரின் மனைவி, சாரின் அம்மா. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல்காட்டு மனுஷி அவர். மகன் பேசுவதைக் கேட்கவென்று புதுச் சேலை கட்டி வந்திருந்தார். சார் எங்கள் அம்மாவைப் பற்றி அழகாகப் பேசினார். பிறகு மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்தார்.

அம்மா தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். மாரில் ஓர் அடி அடித்தாள். சாரைப் பார்த்துக்கொண்டே ஒப்பாரியை எடுத்தாள்.

“நான் பெத்த மகராசா,
நாடா சுத்துதய்யா, ஒன்
நாடி நிக்குதய்யா!
பெட்டி பேசுதய்யா, என்
புள்ள பேசலியே!”

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. புருஷனுக்குத்தான் வைக்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு அவள் சாரின் கண்ணாடியைச் சொன்னாள், கைக்கடிகாரத்தைச் சொன்னாள், கரிசல்காட்டிலிருந்து படிக்கப் போன கதையைச் சொன்னாள்.

“கண்ணாடி போட்ட கண்ணு
கதவடச்சுப் போச்சுதய்யா!
கரிசக் காட்டுக் கிளியே, ஒன்னக்
கடக்கரையில் தோத்தேனே!”

அம்மாவுக்கு ஒப்பாரி புதிதில்லை, சாவு விழுந்த எந்தத் துட்டிவீட்டிலும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அப்பாவுக்கு மட்டும் அவள் பாடவில்லை, வாய் வரவில்லை. உயிரோடு எதிரே நின்ற ஒருவனுக்கு, அவனைப் பெற்றவளின் வாயாக நின்று, ஒரு சொல் தடுக்காமல் பாடினாள். கம்பம் கம்பமாக அது ஊரெல்லாம் போயிற்று. தெருக்களில் நின்றிருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

சாரின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார். மகனைப் பிடித்து, சட்டைக்கு மேலாக நெஞ்சைத் தடவினார், முகத்தைத் தடவினார். “நிறுத்தச் சொல்லுய்யா! ஏய்யா, நிறுத்தச் சொல்லு!” என்று கதறினார். மைக்செட் அண்ணாச்சி பயந்துபோய் சுவிட்சை அணைக்கக் கையைக் கொண்டுபோனார். சார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அணைக்காதீங்க. ஓடுது.”

அவருடைய டேப் ரெக்கார்டர் மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்குகிறார். அவர் குனிந்து, சத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா அதைப் பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றுவிட்டது. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு கீழே இறங்கி நடந்தாள்.

பங்குச் சாமியார் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைப்பது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா என்று கேட்டார்.

“எம் புருசன் செத்தத வச்சு ஊரே சிரிச்சுது சாமி. அப்ப ஒருத்தரயும் கூப்பிடலியே” என்றாள் அம்மா.

அதற்கப்புறம் எங்களைப் பார்த்து எவனும் ‘மூச்சு விடும்’ என்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் அம்மாவைக் கண்டால் பந்தியில் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். துட்டிவீட்டிலும் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த வாய் பட்டால் இன்னொருவர் போய்விடுவார் என்றார்கள். என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. ஒலிபரப்பும் நின்றது. சாரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் சாரின் அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் அம்மா மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“தாயி, நீ வச்சத எடுத்திரு” என்றார் அவர்.

“எடுக்கத் தெரியாதும்மா. வைக்கத்தான் தெரியும்.”

“ஒரே புள்ள தாயி.”

“எனக்கும் ஒரே புருசன்தான்.”

அவர் போகவில்லை. நான் தண்ணீர் எடுக்கப் போனேன், அம்மா கண்ணால் தடுத்தாள். அரிவாள்மணையில் மீனை நறுக் நறுக்கென்று வைத்து அறுத்தாள். வெகுநேரம் கழித்து அந்த மனுஷி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அவன் அதத் தெனம் வீட்டுல போட்டுக் கேக்கான் தாயி. நான் அடுப்படியில இருக்கேன், எம் புள்ள செத்துட்டான்னு அந்தப் பெட்டி பாடுது. நடுவுல நான் கத்துனதும் அதுல இருக்கு. அந்த எடம் வரயில அவன் திருப்பித் திருப்பிப் போடுதான். ‘இந்தா, நீ கூட எவ்வளவு நல்லா வந்திருக்க பாரும்மா’ங்கான்.”

எங்கள் அம்மாவின் கை நின்றது. அவள் இரங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் இன்னும் கடினமானது. ஆனால் பேசியபோது குரல் தணிந்திருந்தது.

“பயப்படாதிய. ஒங்க மகன் சாக மாட்டாரு. அந்த மாதிரி ஆளுகளுக்குச் சாவு வராது.”

அவர் அதை வரமாக எடுத்துக்கொண்டார். மீன் செதிலும் ரத்தமும் ஒட்டியிருந்த அம்மாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீ நல்லா இருப்ப தாயி” என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்து போனார். அம்மா அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, மிச்ச மீனை அறுக்க உட்கார்ந்தாள்.