அந்த ஆறு பேர்

அக்காவுக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. அறுவையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவாள். ஒருநாள் அவள் கைக்குத் தன் தங்கையின் கட்டியே வந்து சேர்ந்தது.

தங்கைக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தொழில். மார்பில் பட்டாணி அளவுக் கட்டி, ஆரம்ப நிலை, அக்குளுக்குப் பரவவில்லை. நோய் திரும்புமா என்று கணிக்கும் மரபணுச் சோதனைக்கு அக்கா சீவிய தகடுகளே போயின. முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று.

"ஆபத்து குறைவுதான். பத்து வருஷத்துல நூத்துல ஆறு பேருக்குத்தான் திரும்ப வரும். கீமோ வேண்டாம், மாத்திரை போதும்" என்றார் புற்றுநோய் டாக்டரம்மா.

தங்கை தலைமுடியைத் தடவிக்கொண்டாள். "தப்பிச்சேன்க்கா! மொட்டைத் தலையோட பக்கத்துல உக்காந்தா, கத்துக்க வர்றவங்க பயந்துபோய் பிரேக்குக்கு பதிலா ஆக்ஸிலேட்டர மிதிச்சிருவாங்க."

ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்கினாள். நாலாவது வருடம் இடுப்பு வலித்தது. "நாள் முழுக்க சீட்ல உக்காந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று தட்டிக்கழித்தாள். ஸ்கேன் எடுத்தபோது நோய் எலும்பில் ஏறியிருந்தது.

அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. தவறான இடத்தைச் சீவிவிட்டோமோ? பழைய மெழுகுக் கட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு, கூடத்துத் தலைமை டாக்டர் முன் போய் நின்றாள்.

"நான் தப்பு பண்ணியிருந்தா மறைக்காம சொல்லிருங்க சார்."

அவர் ஒவ்வொரு தகடாக மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மறு சோதனைக்கும் அனுப்பினார். அதே முடிவுதான் வந்தது. "உங்க மேல தப்பில்லம்மா. கணிப்பும் சரிதான்."

தப்பு இருந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. திட்டித் தீர்க்க ஓர் ஆளாவது கிடைத்திருக்கும், அந்த ஆள் அவளே ஆனாலும்.

தங்கையிடம் சொன்னாள். அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "ஆறு பேர்னு சொன்னப்ப, யாரோ எவரோன்னுதானேக்கா நெனச்சோம்? ஐயோ பாவம்னுகூட எனக்குத் தோணல." பிறகு, "அன்னிக்கு கீமோ எடுத்திருந்தா..." என்று இழுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும், "சரி, விடு" என்றாள்.

பதின்மூன்று மாதம் இருந்தாள். கடைசி வாரங்களில் பேச்சு அடங்கிப்போனது. அக்கா லீவு போட்டுத் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, சின்ன வயதில் இருவரும் போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம், பாதிக் கதையில், அக்காவின் கையைப் பிடித்திருந்த தங்கையின் விரல்கள் தளர்ந்தன. அக்கா அந்தக் கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.